விடியக்காலையில் பார்க்கிற காற்றுதான் கணக்கு

நம் நாட்டில் பனிக்கு ஒரு டயர், வெயிலுக்கு ஒரு டயர் என்று மாற்றுகிற பழக்கம் கிடையாது, அதனால் பருவத்துக்கும் டயர் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் மலையகத்தில் நிறையப் பேர். சர்வீசுக்கு விடும்போது அவர்களே பார்த்துப் போட்டுவிடுவார்கள், அது போதும் என்று விட்டுவிடுகிறார்கள். கொழும்பில் இருப்பவர் அப்படி விட்டால்கூட ஓரளவுக்குச் சமாளித்துவிடலாம், அங்கே ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. நமக்கு அப்படியா? ஜனவரி கடைசியில் நுவரெலியாவில் விடியும்போது புல்லின் மேல் துகள் உறைபனி படிந்திருக்கும், அதே நாள் பகல் இரண்டு மணிக்கு வெயிலில் நிற்கிற காரின் கதவில் கை வைத்தால் சுடும். மற்ற நாடுகளில் மாதக்கணக்கில் நடக்கிற மாற்றம் இங்கே ஒரே பகலில் நடந்து முடிகிறது, அத்தனையும் டயருக்குள் இருக்கிற காற்றிலும் நடக்கிறது.

தலவாக்கலைப் பக்கம் குடியிருந்துகொண்டு, வேலைக்கு நுவரெலியா, சொந்தபந்தம் பார்க்கக் கொழும்பு என்று இரண்டு பக்கமும் ஓடுகிறவன் நான். காரைப் பற்றி என்னிடம் யோசனை கேட்கிற எவருக்கும் முதலில் சொல்வது டயர் காற்றைத்தான், எஞ்சின் ஒயில், பிரேக் எல்லாம் அதற்குப் பிறகு. ஏனென்றால் மற்றதெல்லாம் பழுதானால் ஏதாவது சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். டயரில் காற்றுக் குறைவது சத்தமே இல்லாமல் நடக்கும்.

கணக்கு இதுதான். டயருக்குள் அடைத்த காற்று சூடானால் அழுத்தம் ஏறும், குளிர்ந்தால் இறங்கும். சாதாரணக் காரில் வெப்பநிலை ஐந்தரை பாகை செல்சியஸ் இறங்கினால் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கிற அலகு) குறையும். அதோடு, எந்த ஓட்டையும் இல்லாத நல்ல டயரிலிருந்தும் மாதம் ஒரு பி.எஸ்.ஐ. அளவுக்கு ரப்பர் வழியாகவே கசிந்துகொண்டிருக்கும். நவம்பரில் 32 போட்டுவிட்டு ஜனவரி கடைசி வரை தொடாமல் விட்டால், கசிந்தது இரண்டு மூன்று, குளிர் தின்றது மூன்று நான்கு, ஆக 26 பக்கம் வந்து நிற்கும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இப்போது வருகிற ரேடியல் டயர் 32இலும் அடியில் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும், 26இலும் அப்படித்தான் நிற்கும். காலால் ஓர் உதை உதைத்துப் பார்த்து "காத்து இருக்கு" என்று சொல்வது லொறிக்காரர்களின் பழைய பழக்கம், காருக்கு அதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

மலை ஏறும்போது இன்னொரு விஷயம் சேர்ந்துகொள்கிறது, அதை அநேகமாக யாரும் யோசிப்பதில்லை. காற்றை அளக்கிற கேஜ் காட்டுகிற எண் என்பது டயருக்குள் இருக்கிற அழுத்தத்திலிருந்து வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்த மிச்சம். கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. நுவரெலியா இருப்பது 1868 மீற்றர் உயரத்தில், அங்கே அது 11.7 அளவுக்கு இறங்கிவிடும். கொழும்பில் வாங்கிய மிக்சர் பக்கெட் நுவரெலியா வந்து சேரும்போது உப்பிப்போய் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே காரணம்தான். ஆக, காற்றே அடிக்காமல், உயரத்துக்கு வந்த ஒரே காரணத்தால் கேஜில் மூன்று கூடிவிடும்.

குளிர் குறைக்கிறது, உயரம் கூட்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். கொழும்பில் 30 பாகைச் சூட்டில், ஓடாமல் நின்ற டயரில் 32 அடித்துக்கொண்டு கிளம்பி, நுவரெலியாவில் இரவு முழுக்க நிறுத்தி வைத்து, அடுத்த நாள் விடியும்போது 8 பாகைக் குளிரில் கேஜை வைத்தால் 31½ பக்கம் காட்டும். திருப்பிப் போட்டாலும் அப்படித்தான்: நுவரெலியாவில் அந்தக் குளிரில் 32 வைத்துவிட்டு இறங்கினால், கொழும்பில் ஓய்ந்து நின்ற டயர் 32½க்குக் கிட்ட இருக்கும். ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகிறது. பேப்பரில் போட்டுப் பார்த்தபோது நம்புவதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, அப்புறம் காரில் வைத்துப் பார்த்தேன், சரியாக வந்தது. இரண்டு நாள் சுற்றிப் பார்க்க மேலே வருகிறவர், கிளம்பும் முன் வீட்டில் சரியாகப் பார்த்திருந்தால், இங்கே வந்து டயரைத் தொடவே தேவையில்லை.

ஆனால் தொடுகிறார்கள். தவறு நடப்பது அந்த இடத்தில்தான், இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததும் அதற்காகத்தான்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் டயர் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். அவிசாவளை, கித்துள்கலை, கினிகத்தேனை, ஹட்டன் என்று ஐந்து மணி நேரத்துக்கு மேல் வளைந்து வளைந்து ஏறி வந்த கார் வந்து நிற்கிறது. பின் சீட்டில் பிள்ளைகள், டிக்கி நிறையச் சாமான். டயர் ரோட்டில் உரசி, வளைவில் நசுங்கி, பிரேக் சூட்டையும் வாங்கிக்கொண்டு நாற்பது நாற்பத்தைந்து பாகையில் இருக்கிறது. கடைப் பையன் கேஜை வைக்கிறான், 37.

"அண்ணே, கூடிப்போச்சு, இறக்கவா?"

"எறக்கு தம்பி, முப்பத்திரண்டு வை."

நான்கு டயரிலும் வால்வை அழுத்தி ஸ்ஸ்ஸ் என்று இறக்கிவிடுகிறான். வண்டிக்காரருக்கும் நிம்மதி, பையனுக்கும் வேலை முடிந்த திருப்தி. அந்த 37 கூடுதல் காற்று இல்லை. கொழும்பில் சரியாகப் போட்ட 32தான் சூட்டாலும் உயரத்தாலும் 37 ஆகிக் காட்டியது. அதிலிருந்து ஐந்தை வெளியே விட்டாயிற்று. இரவு டயர் ஆறி, விடியக்காலையில் பார்த்தால் 27. சரி, கீழே இறங்கினால் கூடிவிடும் என்று நினைக்காதீர்கள், கொழும்பில் போய் ஆறிய பிறகு பார்த்தாலும் அதே 27தான், ஏனென்றால் போன காற்று போனதுதான். அந்த 27ஓடு, அதே பிள்ளைகளும் சாமானும் ஏறிக்கொண்டு, கினிகத்தேனை வளைவுகளில் இறங்குகிறார்கள்.

அந்தத் தம்பியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, கேட்டதைச் செய்கிறார். நாம்தான் சொல்ல வேண்டும்: "வேணாம் தம்பி, சூட்டோட இருக்கு, காலையில பார்ப்போம்." சூடான டயரிலிருந்து காற்றை இறக்கக் கூடாது, இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால்கூடப் போதும். சூட்டோடு பார்த்தும் குறைவாகக் காட்டுகிறது என்றால் அது வேறு கதை, அங்கேயே ஒரு மூன்று நான்கு கூட அடித்துக்கொண்டு, ஆறிய பிறகு சரிபார்க்கலாம். ஆறிய டயர் என்று சொல்வது குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற டயரை, அல்லது ஒரு மைலுக்கு மேல் ஓடாத டயரை.

இங்கேயே ஓடுகிற நாட்களில் நமக்கு உயரம் ஈடுகட்டாது, ஏறுவதும் இல்லை இறங்குவதும் இல்லை. குளிரும் வெயிலும் மட்டும்தான். பகல் வெயிலில் நின்று உள்ளே முப்பது பாகைக்குச் சூடான டயரில் 32 என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், உறைபனி விழுகிற இரவு முடிந்து காலையில் அது 28க்கு வந்திருக்கும். அதனால் கேஜை எப்போது வைக்கிறோம் என்பது எவ்வளவு அடிக்கிறோம் என்பதற்குச் சமமான விஷயம். வெயில் ஏறுமுன், வண்டியை எடுக்குமுன், வீட்டு வாசலில் பார்ப்பதுதான் சரி.

மலையகம் என்று ஒரே பேராகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பருவம் ஓடுவதில்லை. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், நோர்வூட் பக்கம் கொட்டித் தீர்க்கும், வட்டவளையில் வருஷத்துக்கு ஐயாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. அதே மாதங்களில் ஹக்கலையைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் இறங்கினால் காய்ந்த காற்று முகத்தில் அடிக்கும். டிசம்பரில் இது தலைகீழாகும், அந்த ஊவாப் பக்கம் வடகிழக்கு மழை, நம் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து ஜனவரிக்கு வானம் சுத்தமாகிவிடும். மேகம் இல்லாத இரவுதான் கடும் குளிர் இரவு. எங்கள் பக்கத்து டிம்புள்ளத் தேயிலைக்கு வாசம் கூடுகிற ஜனவரியிலிருந்து மார்ச் வரையான காலமும், டயரில் காலைக்கும் பகலுக்கும் காற்று அதிகமாக ஆடுகிற காலமும் எங்கள் பக்கம் ஒன்றுதான். மழைக்காலத்தில் நாள் முழுக்க ஒரே ஈரக் குளிர், காற்று அவ்வளவாக ஆடாது, ஆனால் குறைந்த டயரின் விளைவு அப்போதுதான் ரோட்டில் தெரியும்.

அதனால் நான் மாதம் ஒரு தடவை பார்ப்பதோடு, குளிர் தொடங்கும்போதும், ஏப்ரல் வெயில் ஏறும்போதும், மே மழைக்கு முன்பும் கூடுதலாகப் பார்க்கிறேன். போட வேண்டிய எண் மாறாது. பனிக்கு இரண்டு கூட, வெயிலுக்கு இரண்டு குறைய என்று சிலர் சொல்வதைக் கேட்டு ஆட வேண்டாம். ஆறிய டயரில் எப்போதும் அதே எண் இருக்க வேண்டும், பருவம் மாறும்போது அதற்குத் திருப்பிக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான். ஏப்ரல் காலையில் ஒன்று கூடக் காட்டினால் நான் இறக்குவதில்லை, அது கசிந்து தானாகவே சரியாகிவிடும்.

அந்த எண் எங்கே இருக்கிறது? டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் உள் தூணில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நம்மிடம் ஓடுவதில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கார்கள், அதனால் ஸ்டிக்கர் முழுக்க ஜப்பான் எழுத்து. பயப்படத் தேவையில்லை, இலக்கம் எல்லா மொழியிலும் இலக்கம்தான். டயரின் அளவு ஒரு வரிசையில் இருக்கும், பக்கத்தில் 220, 230, 240 என்று ஏதாவது இருக்கும், அது கிலோபாஸ்கல். 6.9ஆல் வகுத்தால் பி.எஸ்.ஐ. 220 என்றால் 32, 230 என்றால் 33, 240 என்றால் 35. முன் டயருக்கும் பின் டயருக்கும் வேறு வேறு எண் இருக்கலாம். உங்கள் டயரில் எழுதியிருக்கிற அளவும் ஸ்டிக்கரில் இருக்கிற அளவும் ஒன்றா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் 44, 51 என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதுவரை அடிக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அது அந்த டயர் தாங்குகிற உச்சம். உங்கள் காருக்கு எவ்வளவு என்று கார் செய்தவன்தான் சொல்ல முடியும், டயர் செய்தவனுக்கு அது எந்தக் காரில் மாட்டப்படும் என்று தெரியாது.

சொந்தமாக ஒரு கேஜ் வாங்குங்கள். எங்கள் பக்கத்துப் பெற்றோல் செட் ஒன்றில் 32 என்று அடித்துக்கொண்டு வந்தால் என் கேஜில் 28தான் காட்டும், வேறோர் இடத்தில் பார்த்தாலும் 28தான். கீழே போட்டு மிதிபட்டு, மழையில் நனைந்து கிடக்கிற கேஜ் அப்படித்தான் இருக்கும், அதை யார் சரிபார்க்கிறார்கள்? கையில் ஒன்று இருந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும், அங்கே எவ்வளவு காட்டும் வரை அடிக்கச் சொல்ல வேண்டும் என்றும் தெரிந்துவிடும். பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுகிற சின்னக் கம்பிரஸர் ஒன்றும் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது, காலையில் வாசலிலேயே வேலை முடியும்.

பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். தோட்டத்து ரோட்டில் ஓடுகிற வண்டி என்றால் வால்வ் மூடியில் சேறு காய்ந்து பிடித்திருக்கும், குளிரில் விறைத்த விரலால் திருகினால் மண் உதிர்ந்து வால்வுக்குள்ளேயே விழும். முதலில் ஒரு ஈரத் துணியால் துடையுங்கள். கேஜை நேராக, ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும், ஸ்ஸ் என்று நீளமாகச் சத்தம் கேட்டால் சாய்ந்து பிடிக்கிறது, அந்த அளவு தப்பு. எடுத்த பிறகு வால்வின் நுனியில் ஒரு சொட்டுச் சவர்க்காரத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். குமிழி மெதுவாக ஊதிக்கொண்டு வந்தால் உள்ளே ஊசி தேய்ந்திருக்கிறது, சில்லறைச் செலவில் மாற்றிவிடலாம். மூடி இல்லாத வால்வோடு ஓடாதீர்கள், சேறும் ஈரமும் உள்ளே போவது அப்படித்தான்.

குறைந்த காற்றோடு மலை ரோட்டில் ஓடினால் என்ன ஆகும் என்று தெரிய, முன் டயரின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். நடுவில் பூ, அதாவது ரோட்டைப் பிடிக்கிற பள்ளக் கோடுகள், ஆழமாக இருக்கும், இரண்டு ஓரமும் வழுவழுவென்று தேய்ந்திருக்கும், ஒரு பக்கமாகத் தடவினால் மிருதுவாகவும் எதிர்ப் பக்கமாகத் தடவினால் அரம் போலவும் இருக்கும். வளைவுக்கு வளைவு டயர் ஓரத்தில் மடிந்து உரசியதன் அடையாளம் அது. காற்றுக் கூடிய டயர் நடுவில் தேயும், அது இங்கே அபூர்வம். மழையில் ஓரம் தேய்ந்த டயர், அதுவும் காற்றுக் குறைந்தது, நடுப்பகுதி ரோட்டில் சரியாக அழுந்தாமல் தண்ணீரை வெளியே தள்ளாது. றம்பொடைப் பக்கம் மழையோடு மூடுபனியும் சேர்ந்து இறங்குகிற நேரத்தில் ஸ்டீரிங்கைத் திருப்பினால் வண்டி அரை நொடி கழித்துத்தான் திரும்புகிறது என்று தோன்றினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றை.

தோட்டத்து ரோடு கரடுமுரடு, அதனால் கொஞ்சம் குறைத்து வைத்தால் குலுக்கல் குறையும் என்று வேண்டுமென்றே 25, 26 வைத்து ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். குலுக்கல் குறைவது உண்மைதான். ஆனால் கூரான கல்லில் ஏறும்போது, போதுமான காற்றில்லாத டயரின் பக்கச் சுவர் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி உள்நூல் அறுந்துவிடும், சில நாள் கழித்து அந்த இடம் வீங்கி நிற்கும். பக்கச் சுவரில் வந்த காயத்துக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் போகிற ரோட்டை ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தால் யாரும் இந்த வேலை பார்க்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

இன்னோர் ஆபத்து, கீழே போன பிறகு. கண்டி வழியாகக் குருநாகல் போய் அதிவேகப் பாதையில் ஏறினால் மணிக்கு 100 கிலோமீற்றர் வரை போகலாம். மலையில் முப்பது நாற்பதில் ஓடியபோது ஒன்றும் காட்டாத 26, அங்கே நூறில், வெயிலில், ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் மடிந்து விரிந்து சூடேறிக்கொண்டே போகும். டயர் வெடிப்பது பெரும்பாலும் காற்றுக் கூடியதால் என்று நம்புகிறோம். குறைந்த காற்றில் ஓடி, மடிந்து மடிந்து சூடேறி வெடிப்பதுதான் அதிகம். அதிவேகப் பாதைக்குப் போகிற நாளில் காலையில் கேஜ் வைக்காமல் நான் கிளம்புவதில்லை.

டயர் பழையது என்றால் இவை எல்லாமே இன்னும் மோசம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள், நடுவில் 2022இல் டயர் விலை ஏறிய ஏற்றத்தில் நிறையப் பேர் இருக்கிறதை வைத்தே ஓட்டினார்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 3518 என்றால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்த டயர். பூ மிச்சம் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும், குளிர் காலையில் ஈர ரோட்டில் பிடிக்காது.

பெற்றோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான்கு டயரிலும் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் சுமார் 0.2 சதவீதம் எரிபொருள் கூடச் செலவாகும் என்பது பொதுவான கணக்கு. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூஆர் கோட்டைக் காட்டினால் காருக்கு வாரம் 20 லீற்றர் மட்டும் என்று கிடைத்த காலத்தில் நாங்கள் அதையும் பார்த்தோம். மற்ற நேரத்தில் அது பெரிய தொகை இல்லை, காசு போவது டயர் தேய்மானத்தில்தான்.

நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கசிவு கொஞ்சம் குறையலாம், குளிருக்கும் சூட்டுக்கும் ஆடுவது கிட்டத்தட்ட அதேதான். அந்தக் காசுக்குக் கேஜ் வாங்கலாம். டாஷ்போர்டில் காற்றுக் குறைந்தால் லைட் எரிகிற வசதி ஜப்பானிலிருந்து வந்த பல கார்களில் இல்லை. இருக்கிற கார்களிலும் பல, கால்வாசி குறைந்த பிறகுதான் எரியும், 32 வைக்க வேண்டிய டயர் 24க்கு வந்த பிறகு. அதுவரை காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஸ்டெப்னி. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசன், மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்கு இரவில் வண்டிகள் வரிசையாகப் போகும், அந்த ஒடுங்கிய ரோட்டில் பஞ்சராகி, ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தால் அதிலும் காற்றில்லாமல் நிற்கிற குடும்பங்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறோம். டிக்கியின் அடியில் சாமானுக்குக் கீழே கிடக்கிற டயரும் மாதம் ஒன்று கசிந்துகொண்டுதான் இருக்கிறது. அது சாதாரண டயர் என்றால் மற்ற டயர்களுக்குப் போடுகிற எண்ணை விட இரண்டு மூன்று கூட வைத்துவிடுங்கள், தேவைப்படும்போது இறக்கிக்கொள்ளலாம். மெல்லியதாக, சின்னதாக இருக்கிற தற்காலிக டயர் என்றால் அதற்குப் போட வேண்டியது 420 கிலோபாஸ்கல், அதாவது 60 பி.எஸ்.ஐ. செட்டில் 60 என்று சொன்னால் பையன் தயங்குவார், டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைக் காட்டிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.